‘இல்லம்’ என்னும் எடுகோள்: பெருந்தொற்றுக் காலத் தமிழ்நாட்டுக் கல்வித் திட்டமிடலும் ஓட்டப்பிடாரம் கரிசல் வட்டாரமும்

ஆய்வுச்சுருக்கம்

2020 மார்ச் மாதம் மூடப்பட்ட தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் அரசு மேற்கொண்ட ஏற்பாடுகள் பெரும்பாலும் குழந்தையின் வீட்டைக் கற்றலுக்குரிய இடமாக எடுத்துக்கொண்டன. ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டங்களை உள்ளடக்கிய கரிசல் பகுதியில் வீடு ஓர் உழைப்பிடமும் ஆகும். அவ்வுழைப்பிலிருந்து நாளின் சில மணி நேரத்திற்குக் குழந்தையை விடுவித்த பொது நிறுவனமாகவே அங்குப் பள்ளி வேரூன்றியது. இவ்வரலாற்றைக் கொள்கை வகுத்தோர் கணக்கிற்கொள்ளவில்லை என்பதும், ‘இல்லம் தேடிக் கல்வி’ ஈட்டிய பயன் அதன் பெயர் சுட்டும் இல்லத்திலிருந்து வரவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: பெருந்தொற்று, பள்ளித் திட்டமிடல், கரிசல், இல்லம் தேடிக் கல்வி, குழந்தை உழைப்பு, பள்ளி மேலாண்மைக் குழு.

முன்னுரை

1956-ஆம் ஆண்டு, காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பள்ளி மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. எட்டயபுரம் பாரதியார் பிறந்த ஊர் என்பதே இத்தொடர்பில் பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அது மழையை மட்டுமே நம்பியிருக்கும் மானாவாரிக் கரிசல் காட்டின் நடுவிலுள்ள ஊர் என்பது அவ்வளவாக எண்ணப்படுவதில்லை. ஆடு மாடு மேய்க்கவும் களை பறிக்கவும் பருத்தி எடுக்கவும் சென்றால்தான் சிறுவனுக்கும் ஒரு வேளைக் கஞ்சி என்ற நிலையில், அவ்வேளைக்கான சோற்றைப் பள்ளி ஏற்றுக்கொண்டால் வீடு குழந்தையை விட்டுக்கொடுக்கும் என்பது அத்திட்டத்தின் அடிப்படைக் கணக்கு. அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கமும் இக்கணக்கின் மீதே எழுந்தது. ஆக, இவ்வட்டாரத்தில் பள்ளி என்பது எழுத்தறிவிக்கும் இடமாவதற்கு முன்பே, வீட்டுக்கும் அரசுக்கும் இடையே குழந்தையின் நேரத்தைப் பற்றி ஏற்பட்ட ஓர் உடன்பாடாக இருந்தது எனலாம்.

அவ்வுடன்பாடு 2020 மார்ச் மாதத்தில் முறிந்தது. நோய்த்தொற்றின் பொருட்டுப் பள்ளிகளை மூடியது தவறு என இக்கட்டுரை கூறவில்லை. முதல் சில மாதங்களில் வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை. மூடியபின் எதனைப் பள்ளிக்கு மாற்றாக அரசு கருதியது என்பதே ஈண்டு வினா. ஓட்டப்பிடாரம் வட்டத்தில் பிறந்து அரசுப் பள்ளியில் பயின்ற இக்கட்டுரையாளர், பல்கலைக்கழக விடுதி மூடப்பட்டமையால் ஊர் திரும்பி, அக்காலத்தின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தவர். அப்போது கண்டவற்றிலிருந்து வினாக்கள் எழுந்தன. வாதத்திற்குரிய சான்றுகள் அரசின் அறிவிப்புகளிலிருந்தும் வெளிவந்த ஆய்வுகளிலிருந்தும் கொள்ளப்பட்டுள்ளன.

தேர்வை அச்சாகக் கொண்ட திட்டமிடல்

பெருந்தொற்றுக் கால அறிவிப்புகளைக் காலவரிசைப்படி அடுக்கிப் பார்ப்பவர்க்கு ஒன்று உடனே புலப்படும். அவற்றுள் மிகுதியானவை தேர்வு பற்றியவை. 5, 8 ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நடத்தும் முடிவை அரசு கைவிட்டது 2020 பிப்ரவரியில். அடுத்த மாதமே 1 முதல் 9 வரையிலான வகுப்பினர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். மார்ச் 27 அன்று தொடங்கவிருந்த பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முதலில் ஜூன் 1-க்கும் பின்னர் ஜூன் 15-க்கும் தள்ளிவைக்கப்பட்டு, ஜூன் 9 அன்று நீக்கப்பட்டது. ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஒரு நாளுக்காகக் காத்திருந்தனர், அந்நாள் வரவேயில்லை. அம்மூன்று மாதங்களில் அவர்கள் என்ன படிக்கலாம், யாரைக் கேட்கலாம் என்பது குறித்து அறிவிப்புகளில் காணக்கிடைப்பவை சொற்பம்.

தேர்வுக்கு மாற்றாக வகுக்கப்பட்ட மதிப்பெண் முறை இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடு என அது பகுக்கப்பட்டது. சென்னையிலிருந்து நோக்கின் வருகைப்பதிவு ஒரு நடுநிலையான அளவுகோல். கரிசலில் அது அப்படியன்று. ஆவணி, புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் சோளமும் கம்பும் தையை ஒட்டி வீடு வருகின்றன. பருத்தியும் மிளகாயும் அதன் பின்னரும் நீள்கின்றன. மானாவாரிக் காட்டில் கதிர் முற்றினால் இரண்டு நாள் பொறுக்க இயலாது. கூலிக்கு ஆள் வைக்க வசதியற்ற வீட்டுப் பிள்ளையின் வருகைப்பதிவேட்டில் விடுப்புகள் குவிவது இம்மாதங்களில்தான். பள்ளியை விட்டு முற்றிலும் நிற்காமல், காட்டு வேலைக்கும் படிப்புக்கும் இடையே ஈடுகொடுத்து வந்த பிள்ளைக்கு அந்த 20 விழுக்காடு ஒரு தண்டனையாக அமைந்தது. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதை இம்மதிப்பெண்ணே முடிவுசெய்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

‘அனைவரும் தேர்ச்சி’ என்னும் தொடரில் ‘அனைவரும்’ என்ற சொல்லின் எல்லையும் ஆராயத்தக்கது. பள்ளி வழியே பதிவுசெய்தோர்க்கு அது பொருந்தியது. தனித்தேர்வர்க்குப் பொருந்தவில்லை, அவர்கள் 2020 செப்டம்பரில் தேர்வறைக்குச் செல்ல நேர்ந்தது. இடைநின்று, வேலைக்குப் போய், மீண்டும் எழுதி மேலேற முயல்வோர் பலர் தனித்தேர்வராகவே வருகின்றனர். பெருந்தொற்றின் இடர் அவர்களுக்கு மட்டும் குறைவாக இருந்திருக்குமா?

2020-இல் பத்தாம் வகுப்பை இவ்வாறு கடந்த அணியினர், 2021-இல் பதினோராம் வகுப்பையும் தேர்வின்றிக் கடந்து, 2022 மே மாதப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில்தான் முதன்முறையாகப் பொதுத்தேர்வைக் கண்டனர். தேர்வையே கல்வியின் அச்சாகக் கொண்ட ஒரு முறை, தேர்வு நின்றவுடன் சுழலவும் அறியாது போயிற்று.

கரிசல் வீடு

பாடம் நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் கல்வித் தொலைக்காட்சியிடம் விடப்பட்டது. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்ட இவ்வலைவரிசை, 2020 ஜூலை முதல் வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. இதில் அரசைப் பாராட்டவும் இடமுண்டு. திறன்பேசியும் இணையமும் இருந்தாலன்றிப் பாடமில்லை என்று கைவிரித்த ஏற்பாடுகள் நாட்டில் பல இருந்தன. 2006-க்குப் பின் இலவச வண்ணத் தொலைக்காட்சி சென்று சேர்ந்த ஒரு மாநிலம் தொலைக்காட்சியைத் தெரிந்தெடுத்தது அறிவுடைய செயலே. ஆயினும் பெட்டி இருப்பதும் அதன்முன் ஒரு குழந்தை அமர்ந்திருப்பதும் வேறுவேறு.

கோவில்பட்டியைச் சூழ்ந்த ஊர்களில் விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீசு வேன் வந்து பெண்களை ஏற்றிச் செல்லும். எஞ்சியோர் நூறு நாள் வேலைக்கோ காட்டு வேலைக்கோ செல்வர். கிழக்கே கடலோர ஊர்களில் உப்பளத்துக்குச் செல்வர். வீட்டில் ஒரேயொரு திறன்பேசி இருந்தால் அது தந்தையின் சட்டைப்பையில் வெளியே போய்விடும். பகலில் வீட்டிலிருக்கும் மூத்த பெண் குழந்தைக்கு இளையோரைப் பார்த்தல், தண்ணீர் எடுத்தல், சமைத்தல் என்பன வந்து சேரும். ஒப்பந்தத்திற்குப் பெட்டி ஒட்டும் வீடுகளில் அதுவும் சேரும். இந்நிலையில் பதினொரு மணிக்கு ஏழாம் வகுப்புக் கணக்கு ஒளிபரப்பாகிறது என்ற கால அட்டவணைக்கு ஒரு பொருளும் இல்லை. 2020 இறுதியில் ஒரு மாலையில், பெட்டி நிறைய உளுந்துக் காய்களுடன் அமர்ந்திருந்த எட்டாம் வகுப்புச் சிறுமியிடம் பாடம் பார்த்தாயா என்று கேட்டபோது, “அதுக்கு ஒரு ஆளு சும்மா இருக்கணும்லக்கா” என்றாள். கல்வித் திட்டமிடலின் மீது வைக்கத்தக்க குறைகளுள் இதனைவிடத் துல்லியமான ஒன்றை இக்கட்டுரையாளர் பின்னர் படித்த அறிக்கைகளில் கண்டதில்லை.

ஜீன் திரேஸ் உள்ளிட்டோர் ஒருங்கிணைப்பில் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் எளிய குடும்பத்துக் குழந்தைகள் ஏறத்தாழ 1,400 பேரிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு, ஊரகக் குழந்தைகளுள் 8 விழுக்காட்டினரே முறையாக இணையவழியில் பயின்றனர் என்றும் 37 விழுக்காட்டினர் படிக்கவேயில்லை என்றும் கூறிற்று. இவ்வெண்கள் பொதுவாகக் கருவியின்மையின் சான்றாக எடுத்தாளப்படுகின்றன. நேரமின்மையின் சான்றாகவும் அவற்றை வாசிக்கலாம்.

இங்குச் சட்டத்தின் ஒரு தொடரை நினைவுகூர்வது தகும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் செய்யப்பட்ட திருத்தம், இடர்மிகு தொழில் அல்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் முடிந்த பின்னும் விடுமுறையிலும் குழந்தை உதவலாம் என இசைவளிக்கிறது. குழந்தையின் உழைப்புக்குச் சட்டம் இட்ட வேலி, பள்ளி மணிதான். மணி அடிக்காத இருபது மாதங்களில் ‘பள்ளி நேரம் முடிந்த பின்’ என்பது நாள் முழுவதையும் குறிக்கலாயிற்று. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பும், அதற்கு முன்பே 1988 முதல் நடைமுறைக்கு வந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும், பள்ளிக்கு மீட்டல் என்ற ஒரே வழியைத்தான் நம்பின. பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ படத்தின் களமும் இத்தீப்பெட்டித் தொழிலே. அரை நூற்றாண்டாக எந்த இடத்திலிருந்து குழந்தையை மீட்க அரசு முயன்றதோ, அவ்விடத்திற்கே பாடத்தை அனுப்பியது என்பது திட்டமிடலின் மறதியைக் காட்டுகிறது.

சோறும் வீடு சேர்ந்தது

சத்துணவும் இவ்வாறே ஆயிற்று. பள்ளிகள் மூடியிருந்தபோது உணவுக்கு மாற்றாக அரிசியும் பருப்பும் உலர் பொருளாக வழங்கப்பட்டன. பின்னர் முட்டையும் சேர்ந்தது. வழங்காமல் விட்ட பிற மாநிலங்களை நோக்க இது பெருஞ்செயல். ஆனால் சமைத்துத் தட்டில் இடப்பட்ட உணவு அக்குழந்தையின் உணவு. பையில் வரும் அரிசி குடும்பத்தின் அரிசி. வேலையிழந்த வீட்டில் அது உலையில் கலப்பது இயல்பும் நியாயமும் ஆகும். குழந்தையைக் குடும்பத்திலிருந்து வேறாகப் பார்த்துப் பெயர் சொல்லிப் பரிமாறிய ஒரே அரசு இடமும் அவ்வளவில் இல்லாமற்போயிற்று. எட்டயபுரத்தில் தொடங்கியதன் நேர்மாறு இது என்று சொன்னால் மிகையாகாது. சத்துணவுக் கூடங்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து இயக்கியிருக்க இயலுமா என்ற வினா அக்காலத்தில் பெரிதாக எழவில்லை. கேரளத்தில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ ஒளிபரப்பைக் காண நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுப் பார்வை மையங்கள் அமைக்கப்பட்டமையை ஒப்புநோக்கின், வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஓர் இடம் உண்டு என்ற எண்ணம் எட்டாத ஒன்றன்று எனத் தெளியலாம்.

இல்லம் தேடிக் கல்வி: பெயரும் இடமும்

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிவைக்கப்பட்டது. 1 முதல் 8 வரையிலான வகுப்பினர்க்கு, மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், தன்னார்வலர் துணையுடன் கற்பித்தல் என்பது திட்டம். ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர் இதில் இணைந்தனர். இந்தியாவில் எந்த மாநிலமும் கற்றல் இழப்பை எதிர்கொள்ள இத்துணை விரிந்த முயற்சியை மேற்கொண்டதாகத் தெரியவில்லை.

அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டு ஊரகக் குழந்தைகள் ஏறத்தாழ 19,000 பேரை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு இத்திட்டத்தை மதிப்பிட இன்றியமையாதது. 2021 டிசம்பரில், அதே ஊர்களில் 2019-இல் இருந்த அதே வயதினரைவிடக் குழந்தைகள் கணிதத்திலும் மொழியிலும் பெரிதும் பின்தங்கியிருந்தனர். கணிதத்தில் பின்னடைவு மொழியைப்போல் இருமடங்கு. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அப்பின்னடைவில் மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என்பது அவர்தம் முடிவு. இவ்வெண்ணைத் திட்டத்தின் வெற்றியாக மேற்கோள் காட்டுவோர், எஞ்சிய 76 விழுக்காட்டைப் பற்றிப் பேசுவதில்லை. மீட்சியின் பெரும்பகுதி, பள்ளிக் கதவு திறந்த பின்னர், இத்திட்டத்திற்கு வெளியே நிகழ்ந்தது.

மீட்சி முழுமையடைந்துவிட்டது எனவும் கொள்ள இயலாது. இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயன்ற மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 2018-இல் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தனர். ‘அசர்’ 2022 அறிக்கையில் அது ஐந்து பேர் அளவாகக் குறைந்தது. பெருந்தொற்றுக்கு முன்பே பத்துதான் என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

பெயருக்கு வருவோம். இத்திட்டத்தின் வகுப்புகள் இல்லங்களுக்குள் நடந்தவை குறைவு. கோயில் மண்டபம், சாவடி, சமுதாயக் கூடம், தன்னார்வலர் வீட்டுத் திண்ணை, பள்ளி வளாகம் எனப் பல இடங்களில் அவை நடந்தன. குழந்தை வீட்டை விட்டு வெளியே வந்து பிற குழந்தைகளுடன் ஓர் ஆசிரியர்முன் அமர்ந்தமையால்தான் பயன் விளைந்தது. அதாவது, ஒரு சிறு பள்ளி கூடியது. திட்டம் இல்லத்தைத் தேடிப் போனதாகப் பெயர் சொல்கிறது. நடைமுறையோ குழந்தையை இல்லத்திலிருந்து வெளியே அழைத்தது. இப்பெயர்ப் பிழையைப் பெரிதுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. பெயர் எதனை முதன்மைப்படுத்துகிறதோ அதனையே அடுத்த திட்டமும் பின்பற்றும்.

மேற்குறித்த இடங்களுள் மண்டபமும் சாவடியும் திண்ணையும் இவ்வட்டாரத்தில் எளிய சொற்கள் அல்ல. கொடியன்குளம் ஓட்டப்பிடாரம் வட்டத்தைச் சேர்ந்தது. 1995 ஆகஸ்ட் 31 அன்று அவ்வூரில் நிகழ்ந்த காவல்துறைத் தாக்குதலை அறிந்தோர்க்கு இங்கு ஊரும் காலனியும் எவ்வாறு பிரிந்து நிற்கின்றன என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஊர்க்கோயில் மண்டபத்தில் கூடும் வகுப்புக்குக் காலனிக் குழந்தை வருமா. காலனிச் சமுதாயக் கூடத்தில் கூடும் வகுப்புக்கு ஊர்க் குழந்தையை அனுப்புவார்களா? குடியிருப்புக்கு அருகே 20 குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்ற அமைப்பு, குடியிருப்பே சாதியால் பிரிந்துள்ள ஊரில், பிரிந்த வகுப்புகளையே எளிதில் தோற்றுவிக்கும். இருதரப்புக் குழந்தைகளும் ஒரே வரிசையில் அமரும் இடமாக, எத்தனைக் குறைகள் இருப்பினும், அரசுப் பள்ளி ஒன்றே இருந்துவந்தது. நாங்குநேரி நிகழ்வையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை பள்ளிக்குள் நுழைந்துள்ள சாதியைப் பற்றிப் பேசுகிறது. பள்ளியே இல்லாதபோது அது என்னவாயிற்று என்பது இன்னும் எழுதப்படாத ஆய்வாகவே உள்ளது.

தன்னார்வலர் என்ற சொல்லையும் ஒரு வரியில் குறிக்க வேண்டும். பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்று வேலையின்றி ஊரிலிருந்த பெண்கள் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு இவ்வகுப்புகளை நடத்தினர். அவர்தம் ஆர்வம் உண்மையானது. அதன் விலை மிகக் குறைவாகக் கணக்கிடப்பட்டது.

கேட்கப்படாத குழு

மேற்கண்டவற்றை எல்லாம் சென்னையிலுள்ள ஒரு அலுவலகம் முன்னரே அறிந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று. அறிந்தவர்களைக் கேட்பதற்கான ஏற்பாடு சட்டத்திலேயே இருந்தது என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21-ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கிறது. பெற்றோரே அதில் பெரும்பான்மையினர். 22-ஆம் பிரிவு, பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுக்கும் கடமையை அக்குழுவிடம் ஒப்படைக்கிறது. பெருந்தொற்றுக் காலம் இப்பிரிவுக்கென்றே வந்த காலம் எனலாம். எந்த ஊரில் தொற்று இல்லை, எந்த மாதத்தில் வேலை மிகுதி, வேன் எத்தனை மணிக்கு வரும், எந்த வீட்டுப் பிள்ளை கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்டது என்பனவற்றை அறிந்த பெற்றோர் அக்குழுவில் இருந்தனர்.

அவர்களிடம் ஒருமுறை கருத்துக் கேட்கப்பட்டது. 9 முதல் 12 வரையிலான வகுப்புகளை 2020 நவம்பர் 16 அன்று திறப்பது பற்றி நவம்பர் 9 அன்று பள்ளிகளில் பெற்றோர் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. திறக்கலாமா, வேண்டாமா என்பதே வினா. விடைகள் மாநிலம் முழுமைக்குமாகக் கூட்டப்பட்டன, திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. தொற்று மிகுந்த மாநகரத்துப் பெற்றோரின் அச்சமும், மூன்று ஆசிரியரும் அறுபது குழந்தைகளும் கொண்ட கரிசல் கிராமத்துப் பெற்றோரின் தேவையும் ஒரே தட்டில் இடப்பட்டன. பின்னர் 2021 ஜனவரி 19 அன்று 10, 12 ஆம் வகுப்புகள் திறந்தபோது இங்கு அறுவடைக் காலம். பருவம் தப்பிய மழையில் பயறுகள் காட்டிலேயே முளைவிட்ட ஆண்டும் அது. மீந்ததை எடுக்க வீட்டில் எல்லாக் கைகளும் வேண்டப்பட்ட வாரங்களில் பள்ளி மணி ஒலித்தது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் அதன்பின் ஒன்பது மாதங்களுக்கும் மேலாகக் காத்திருந்தனர்.

மேலாண்மைக் குழுக்கள் 2022-இல் மறுகட்டமைக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. கூட்டங்கள் நடக்கின்றன, சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி பற்றிய தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. பள்ளி மூடப்படும் காலத்தைப் பற்றிய தீர்மானம் எதையும் இக்கட்டுரையாளர் தம் ஊர்ப்பக்கப் பள்ளிகளில் கேள்வியுற்றதில்லை. அத்தகைய காலம் மீண்டும் வர நெடுநாள் ஆகவில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு தலைமுறையின் நினைவில் இல்லாத மழை அது. அப்போதும் திறப்பு நாள் பற்றிய அறிவிப்புக்காகவே அனைவரும் காத்திருந்தனர்.

ஓட்டப்பிடாரம் பகுதிப் பள்ளியொன்றின் வளர்ச்சித் திட்டத்தில் அடுத்த மூடலுக்கென ஒரு பக்கம் ஒதுக்கப்படுமாயின் அதில் இடம்பெற வேண்டியவை மிகச் சாதாரணமானவை: ஊருக்கும் காலனிக்கும் பொதுவாக எந்த மரத்தடி அல்லது கட்டடம், அறுவடை வாரங்களில் வகுப்பு காலையிலா மாலையிலா, எந்தெந்த வீட்டில் பெட்டி ஒட்டும் வேலை நடக்கிறது, அவ்வீடுகளுக்கு யார் போய்க் கேட்பது, சத்துணவுக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கும், யார் சொன்னால் அது திறக்கப்படும்.